பன்னிரண்டு மீட்டர்களும் என் கூலிங் கிளாஸும்

போன சித்திரையில் பதினோரு நாட்கள் எனக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. அப்படி முடிவு செய்தது நான்தான். கண்ணைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை. அந்தப் பதினோரு நாளில் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பையே அழவைத்தேன். இல்லாத ஓர் உத்தரவைப் பிறப்பித்தேன். என் வீட்டுக்காரர் பல வருஷமாக மறைத்து வைத்திருந்த ஒரு ரகசியத்தை, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வாங்கினேன். இத்தனைக்கும் காரணம் நல்ல தரமான ஒரு கூலிங் கிளாஸ். மட்டமானதாகப் பார்த்து வாங்கியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

நான் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிறவள். வீடு தென்னூரில், வேலை ஸ்ரீரங்கத்தில். காலையில் ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், வீடு வீடாக ஏறி இறங்கி, மதியம் ஒரு மணிக்கு மண்டை கொதிக்கக் கொதிக்க ஒரு மரத்தடி தேடுவேன். சித்திரை வெயிலில் அந்த வீதிகளில் நாய்கூட நடக்காது. (நாய்க்குப் பதினைந்தாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை.) போதாததற்கு நான் சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தக் கதையில் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் வேலை பார்த்தவர். பார்வை குறைவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பரை என்னிடம் நீட்டி, "கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், நீயே படி" என்பார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசி நாலு வருஷம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அந்தக் கையின் கனம் இன்னும் என் வலது தோளில் இருக்கிறது.

அப்போதே அந்த டாக்டர் என்னையும் என் தம்பி முருகேசனையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இது குடும்பத்துல தொடர்ந்து வரும். நீங்க ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு பிரஷர் பாத்துக்கணும்." நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. முருகேசன் போகவில்லை. அவன் துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருக்கிறான், நேரமில்லை என்பான். நானும் போகவில்லை. எனக்கு நேரம் இருந்தது. பயம்தான் காரணம்.

அந்தச் சித்திரையில் என் கண் இரண்டும் சிவந்து, மண்ணைப் போட்டுக் கசக்கியது போல உறுத்தின. பாலத்தில் வரும்போது எதிர்வெயிலில் தண்ணீராகக் கொட்டியது. "ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணை அளப்பார்கள். அளந்தால் சொல்லிவிடுவார்கள். அதனால் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வெயிலிலிருந்து கண்ணைக் காப்பாற்றுகிற உலகத்திலேயே நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டால், அந்த டாக்டர் சொன்னது தானாகவே ரத்தாகிவிடும் என்று என் மனசு ஒரு கணக்குப் போட்டிருந்தது. (வெயிலுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.)

முருகேசனிடம் போனில் யோசனை கேட்டேன். "சத்திரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல குமிச்சு வெச்சிருப்பான்க்கா. இருக்கிறதுலயே நல்லா கறுப்பா ஒண்ணு எடு" என்றான்.

தென்னூர்க் கடைக்கார பாய் இதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "அல்லாஹ்வே, அப்படி மட்டும் செஞ்சுடாதீங்கம்மா. கறுப்பா இருக்கிறது வேற, காப்பாத்துறது வேற. வெறும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டா, இருட்டாயிருச்சுன்னு நெனச்சுக் கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சுக்கும். அந்த யு.வி. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூடுதலாத்தான் உள்ளே போகும். வெறுங்கண்ணே தேவலாம்" என்றார்.

நான் உடனே கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எதையும் எழுதிவைத்து வாங்குகிற ஜாதி நான். மிக்ஸி வாங்க நாலு கடை ஏறினவள், கண்ணுக்கு விடுவேனா? பாய் சொல்லச் சொல்ல எழுதினேன். யு.வி. நானூறு என்று போட்டிருக்க வேண்டும். போட்டிருப்பதை நம்பாமல் மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வெயில் நுழையாத அகலமான ஃபிரேம் வேண்டும். நிறம் சாம்பலாக இருந்தால் சிக்னல் விளக்கின் நிறம் மாறாது. பாய் சலிக்காமல் ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்துக் காட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து அவரே, "நீங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட இவ்வளவு கேக்க மாட்டீங்கம்மா" என்றார்.

எனக்குப் பவர் போட்டுத்தான் வேண்டும் என்பதால் கண்ணைப் பரிசோதிக்கக் கூப்பிட்டார். "பவர் மட்டும் பாருங்க பாய். வேற எதையும் பாக்காதீங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பவர் மட்டும் பார்த்தார்.

கடைசியாக, இருப்பதிலேயே உசத்தி என்று போலரைஸ்டு கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். தார் ரோட்டிலும் கார்க் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை அது அடக்கிவிடுமாம். ஒரு அட்டையை நீட்டினார். வெறும் நீலமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நீலத்துக்குள் ஒரு மீன் நின்றது. கழற்றினால் மீன் இல்லை. மறுபடியும் போட்டேன், மீன். எனக்கு அங்கேயே புத்தி கலங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாததெல்லாம் இனி எனக்குத் தெரியும் என்கிற மமதையோடு கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் போய் நின்று, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரி மட்டும் காதில் விழுந்தது: "வெயில்ல இருக்கிற வரைக்கும் கழட்டாதீங்கம்மா." அதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் சொர்க்கம். காவிரி மணல் கூசவில்லை. உத்தர வீதி வெயில் மாலை நேரம் போல இருந்தது. பழைய வீடுகளில் எண் சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர்கள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வழக்கமான வெள்ளைக் கண்ணாடியைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மாட்டிக்கொண்டேன். உறுத்தல் பாதியாகக் குறைந்திருந்தது. அப்பாவின் நோயை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். மாடிப்படிக்குக் கீழே பன்னிரண்டு வீட்டு மீட்டர்களும் ஒரே பலகையில் இருக்கும். சமீபத்தில்தான் எல்லாவற்றையும் மாற்றி, சாம்பல் நிறச் சின்னத் திரையில் எண் வருகிற புது மீட்டர்கள் வைத்திருந்தார்கள். போய் நின்றேன். பன்னிரண்டு திரையும் கறுப்பு. ஒரு எண்கூட இல்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, தரைத்தள வீட்டுக் கதவைத் தட்டினேன். ரங்கராஜன் மாமா வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்பு அசோசியேஷனுக்கு அவர்தான் செயலாளர். நெற்றியில் திருமண் காயாமல் இருந்தது.

"மாமா, கரண்ட் இல்லையா?"

"பேஷா இருக்கே. ஃபேன் ஓடறதே."

"மீட்டர்ல ஒண்ணுமே காட்டலைங்களே."

அவர் வந்து, வேஷ்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "ஏம்மா, நன்னாத் தெரியறதே. நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு, பூஜ்யம். அடுத்ததும் படிக்கட்டுமா?"

அவர் விரல் வைத்த இடத்தையே பார்த்தேன். கறுப்பு. "ஆமாங்க மாமா, படிங்க. வெயில்லேர்ந்து வந்ததுல கண்ணு கொஞ்சம் கூசுது" என்றேன். அவர் பன்னிரண்டையும் அர்ச்சனை மாதிரி நிதானமாகப் படித்தார். நான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. அவர் முகம் தெரிந்தது. மீட்டரில் எண் மட்டும் இல்லை. வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கண் கூசுகிறது என்று சொல்லிப் பக்கத்தில் நிற்கிறவரைப் படிக்கச் சொல்கிறேன். அப்பா செய்ததை அப்படியே செய்திருக்கிறேன். அங்கேயே அழுதேன். கண்ணாடி கறுப்பாக இருந்ததால் ரோட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு உபயோகம் அதற்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து வெள்ளைக் கண்ணாடி மாட்டியதும் எல்லாம் சரியாகத் தெரிந்தது. காலண்டரில் ராகுகாலம்வரை படித்தேன். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் இரண்டு கண்ணாடியையும் ஒரு தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. முக்கால் மணி நேரம் நோட்டுப் போட்டு வாங்கிய கண்ணாடியில் குறை இருக்க முடியுமா? குறை கண்ணில்தான். எனவே நானே நோயைக் கண்டுபிடித்து நானே பெயரும் வைத்தேன்: பகலில் மட்டும் பார்வை போகிற நோய். அப்பாவுக்கு வேறு மாதிரி போனதே என்று ஒரு சந்தேகம் வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் மாறத்தானே செய்யும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். மறுநாள் மரத்தடியில் வேலைப் பட்டியலைப் பார்க்கப் போனைப் படுக்கவைத்துப் பிடித்தேன். போனும் இருண்டது. நோய் முற்றிக்கொண்டு வருகிறது என்று உறுதியாயிற்று.

விடுப்பு எடுக்கப் பயம். கண் தெரியாது என்று தெரிந்தால் இந்த வேலைக்கு வைத்துக்கொள்வார்களா? அதனால் புது மீட்டர் இருக்கிற வீட்டிலெல்லாம் வீட்டுக்காரர்களையே படிக்கவைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வீட்டு மாமி விடவில்லை. "ஏன், நீங்கன்னா படிக்கணும்? நாங்க ஏன் படிக்கணும்?" என்று கேட்டார். என் வாயிலிருந்து யாரோ பேசுவது போல வந்தது: "புது உத்தரவுங்க. இனிமே வீட்டுக்காரங்களே பாத்துப் படிக்கணும், நாங்க எழுதிக்கணும். வெளிப்படைத்தன்மை." அந்தக் கடைசி வார்த்தையை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் உச்சரித்ததே இல்லை. மாமி உடனே மரியாதையாகக் கண்ணாடியை எடுத்துவரப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு உத்தரவைச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அங்கே உத்தரவென்றால் கடைப்பிடிப்பார்கள். இரண்டே நாளில் செய்தி வீதி தாண்டிவிட்டது. நான் போவதற்கு முன்பே வாசலில் ஆட்கள் எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பகலில் தொடங்கியது இரவுக்கும் வரத்தானே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பழகினேன். காலடி எண்ணினால் பதினெட்டு எட்டு. முட்டிக்கால் இரண்டிலும் காயம். எல்லாவற்றையும் விட, என் வீட்டுக்காரர் முகத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிற சாதுவான மனுஷன். சாப்பிடும்போது அவர் எதிரே உட்கார்ந்து, மூக்கை ஒரு நாள், காதை ஒரு நாள் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். காது ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. அழுகை முட்டியது.

மூன்றாம் நாள் அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "சரி, ஒத்துக்கறேன். யாரு சொன்னா உனக்கு?"

"என்னது?"

"சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது புத்தூர்ல ரெண்டு போண்டா சாப்பிட்டுத்தான் வரேன். தினமும். சுகர் இருக்குன்னு தெரியும். அதுக்காக இப்படியா ஒரு வார்த்தை பேசாம மொறைச்சுப் பாத்து உயிரை எடுப்ப?"

வேறு நாளாக இருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும். நான் சாகப்போகிறவள் மாதிரி, "பரவாயில்லங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அவர் அதற்குத்தான் பயந்துபோனார்.

தம்பிக்கும் போன் செய்தேன். "முருகேசா, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாடா?"

"எனக்கென்னக்கா. நான் தினமும் சூரியனையே கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறவன்" என்று சிரித்தான். "ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று சொன்னால், அடுத்தது யார் என்று அவனுக்கும் தெரிந்துபோகுமே.

பதினோராம் நாள் எங்கள் மின்வாரிய ஆபீஸ் இன்ஜினீயர் ஏ.ஈ. சார் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பிள்ளை. மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. அம்மா மண்டபம் ரோட்டு அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் ரங்கராஜன், நுகர்வோரே மீட்டரைப் படிக்க வேண்டும் என்ற புதிய உத்தரவைப் பாராட்டி, பன்னிரண்டு வீட்டுக்கும் முறை வைத்து ஆள் நியமித்திருப்பதாகத் தெரிவித்து, உத்தரவின் நகல் ஒன்று கேட்டிருந்தார்.

"எந்த உத்தரவும்மா இது?" என்றார் ஏ.ஈ.

நான் கடிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சரி, வாங்க. அவங்களையே கேட்டுக்கலாம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போனபோது மாலை நாலு மணி. ஏ.ஈ. சார் போனில் சொல்லியிருந்ததால் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ரங்கராஜன் மாமா வரவேற்புரையே தயார் செய்து வைத்திருந்தார். "அடியேன் முப்பது வருஷம் ரயில்வேல இருந்தவன். இப்படி ஒரு நல்ல உத்தரவைப் பாத்ததில்லை" என்று ஆரம்பித்தார். ஏ.ஈ. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பலகையில் பன்னிரண்டு மீட்டரும் கறுப்பாக என்னைப் பார்த்தன.

என்னால் தாங்க முடியவில்லை. "உத்தரவு எதுவும் இல்லைங்க சார். நான் பொய் சொன்னேன். எனக்குக் கண்ணு தெரியலைங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மடை திறந்துவிட்டது. அப்பாவைச் சொன்னேன். பேப்பரைச் சொன்னேன். டாக்டர் வருஷா வருஷம் பார்க்கச் சொன்னதைச் சொன்னேன். தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் என்றேன். பதினெட்டு எட்டு நடந்து பழகியதைக்கூடச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். யாரோ ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார்கள். ஏ.ஈ. சார் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ரங்கராஜன் மாமா, "பெருமாளே" என்று உத்தரீயத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா செத்தபோதுகூட இத்தனை பேர் எனக்காக அழவில்லை.

அழுததில் என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஏ.ஈ. சார் அதை வாங்கித் தன் கைக்குட்டையால் துடைத்தார். நன்றாகச் சுத்தமாகியிருக்கிறதா என்று பார்க்க, வெளிச்சமாக இருந்த பக்கம் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம்தான் மீட்டர் பலகை இருந்தது.

அப்படியே நின்றார். கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார்.

"அம்மா, இதுல பாத்தா எனக்கும் ஒண்ணும் தெரியலை" என்றார்.

அவர் கண்ணாடியைச் சக்கரம் போலத் திருப்பினார். "இப்ப தெரியுது. இப்ப தெரியலை. இது போலரைஸ்டுதானே? இந்தப் புது மீட்டர் திரையை இது போட்டுக்கிட்டுப் பாத்தா இருட்டாத்தாம்மா இருக்கும். உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

ரங்கராஜன் மாமா கையை நீட்டினார். "இப்படிக் கொடுங்கோ பாக்கலாம்." பார்த்தார். "ஆமாம், போயிடுத்து" என்றார். அடுத்த மாமி வாங்கினார். அவருக்கும் போயிற்று. அதன் பிறகு வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். மூன்றாவது மாடியிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டனுப்பினார்கள். என் கண்ணாடியின் பவரில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. ஒருவர் தலையை இடப்பக்கம் சாய்த்தால் தெரிகிறது என்றார். இன்னொருவர் வலப்பக்கம் என்றார். அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாத நான் யார் சிரிக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், மோர் டம்ளரோடு, மங்கலான கூட்டத்தின் நடுவில் நின்றேன். பூமி பிளக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் தரை கெட்டி.

வரிசை முடிந்து கண்ணாடி திரும்பி வந்தபோது ரங்கராஜன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா உங்க அப்பாவுக்குன்னு சொன்னேளே, அது நிஜந்தானே?"

"நிஜம்ங்க மாமா."

"வருஷா வருஷம் பாக்கச் சொன்னான்னேளே, பாத்தேளா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு மாசம் கழிச்சு இங்கேதானே வரணும் நீங்க? பன்னெண்டு ஆத்துலயும் கேப்போம். இது அசோசியேஷன் உத்தரவு" என்றார். ஏ.ஈ. சார், "உத்தரவுன்னா இவங்க கடைப்பிடிப்பாங்க" என்று சொல்லி, என் மானத்தில் மிச்சமிருந்ததையும் வாங்கிக்கொண்டார். ஆனால் மெமோ கொடுக்கவில்லை. கண்ணைக் காட்டிவர, மறுநாளைக்கு என்னிடம் விடுப்பு எழுதி வாங்கிக்கொண்டார்.

கடைக்கார பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் அமைதியாக, "சொன்னேனேம்மா. டிஜிட்டல் ஸ்கிரீன் எதையாவது பாத்தா கறுப்படிக்கும், பயப்படாதீங்க, கழட்டிப் பாத்துட்டு மாட்டிக்கலாம்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க கண்ணாடியில அழகு பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றார். பிறகு யு.வி. தடுக்கிற, ஆனால் போலரைஸ்டு இல்லாத வேறு லென்ஸ் போட்டுத் தந்தார். இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். மீட்டரும் தெரிகிறது, கண்ணும் உறுத்துவதில்லை. மீன் மட்டும் தெரியாது.

விடுப்பு நாளில் புத்தூரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார். வலது கண்ணை அளந்தார். இடது கண்ணை அளந்தார். இடது கண்ணை மறுபடி அளந்தார். அப்போது சிரிப்பு நின்றிருந்தது. சுற்றிலும் வெளிச்சப் புள்ளி மினுக்குகிற ஒரு மெஷினில் உட்காரவைத்து, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். எல்லாப் புள்ளியையும் பிடித்துவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இடது கண்ல ஓரத்துல கொஞ்சம் போயிருக்கும்மா" என்றார். "ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும். இது ஓரத்துலேர்ந்துதான் வரும், அதனால ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பாது. இருக்கிறதை மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

வராத நோய்க்காகப் பதினோரு நாள் முட்டிக்கால் பெயர நடந்து பழகியிருக்கிறேன். வந்த நோய் மூன்று வருஷமாக என்னோடு பாலம் தாண்டியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா அறையை விட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பேருமாகப் போய்த்தான் போண்டா சாப்பிட்டோம்.

இப்போது தினமும் இடது கண்ணில் ஒரு சொட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளவு. அளவு ஏறவில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் பன்னிரண்டு வீட்டிலும் கணக்குக் கேட்கிறார்கள், சொல்கிறேன்.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால் வீட்டுக்காரர் பதற்றமே இல்லாமல், "கரண்டெல்லாம் போகலை, நீ கண்ணாடியைக் கழட்டிப் பாரு" என்பார். சொந்தக்காரர்கள் கூடினால், தலையைச் சாய்த்துச் சாய்த்து முழுக் கதையையும் நடித்தே காட்டுவார். ஏ.ஈ. சார் கண்ணாடியைத் திருப்புகிற இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இடத்தோடு அவர் நிறுத்திவிடுவார். புத்தூர்ப் பாகத்தை அவர் சொல்வதில்லை. அதை நான்தான் முருகேசனைத் தனியாக இழுத்துப் போய்ச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் சொல்லியாயிற்று. "அடுத்த மாசம் போறேன்க்கா" என்பான். அந்த அடுத்த மாதம் வராமலே ஒரு வருஷம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை துவாக்குடியில் அவன் வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரர் மறுபடி கதையை ஆரம்பித்தார். முருகேசன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை வீசியபோது, பக்கத்திலேயே இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது. "இதை யாரு இங்க கொண்டுவந்து வெச்சது?" என்று பெண்டாட்டியைக் கேட்டான். அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். செம்பு சாப்பாடு ஆரம்பித்ததிலிருந்து அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை புத்தூரில் டோக்கன் வாங்கியிருக்கிறேன், அவன் பெயரில். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் துவாக்குடி போய், பட்டறை திறப்பதற்கு முன்னால் அவன் வாசலில் நிற்கப் போகிறேன்.